கூர்மூலையின் உரிமை: காரைக்கால் வீதிகளும் முக்கோணக் கட்டடங்களும்

கேள்வி

இருவேறு காலத்தில், இருவேறு திசைநோக்கி வகுக்கப்பட்ட இரண்டு வீதி வரிசைகள் சாய்வாக வந்து ஒன்றோடொன்று முட்டும்போது, நாற்கோணமாக அமைய இயலாத ஒரு துண்டு நிலம் நடுவில் எஞ்சி நிற்பதும், அந்தத் துண்டின் மூன்று விளிம்புகளையும் சிறிதும் விட்டுக்கொடாமல் பற்றிக்கொண்டு ஒரு கட்டடம் எழும்புவதும், காரணமும் காரியமும் போல அடுத்தடுத்து நிகழ்பவை என்பது நகர வரலாறு எழுதுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் சான்று, நியூயார்க் நகரத்தில் 1902ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஃபுல்லர் கட்டடம். பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் 23ஆம் தெருவருகே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லுமிடத்தில், ஏறக்குறைய 25 பாகைக் கோணத்தில் கூம்பிய மனையில், டேனியல் பர்ன்ஹாம் வகுத்த திட்டப்படி 87 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அதனை அந்நகரத்தார் இஸ்திரிப்பெட்டி என்றே அழைத்தார்கள். அப்பெயரே நிலைத்தும் விட்டது. அதன் கூர்முனையின் அகலம் சுமார் 2 மீட்டர். ஓர் ஆள் கைகளை விரித்து நின்றால் அநேகமாக அதை அடைத்துவிடலாம்.

மேற்சொன்ன அபிப்பிராயம் மெய்யாயின், காவிரிப் படுகையின் கடலோரத்தில், ஆற்றின் போக்கும் கோயிலின் தேரோட்டமும் அயலாட்சியின் அளவுநூலும் ஒரே நிலத்தின்மேல் மாறிமாறித் தத்தம் கோடுகளை வரைந்து சென்ற காரைக்கால் போன்றதோர் ஊரில், மூலைக்கு மூலை ஆப்பு வடிவக் கட்டடங்கள் காணப்பட வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. கூர்மூலைகள் இருக்கின்றன, அவற்றை முனைவரை நிரப்பிய கட்டடங்கள்தாம் இல்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஊர் சிறிது, பணம் குறைவு என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்; அவ்விடை பொய்யுமன்று. ஆயினும் அது பாதி விடையே என்பதும், மறுபாதி நிலத்தின் உரிமைமுறையிலும் வீதியின் பயனிலும் அடங்கியிருக்கிறது என்பதும் இங்கே நிறுவ முற்படும் கருத்து.

வடிவவாதமும் அதன் குறைபாடும்

கோடுகள் மோதுவதற்கான காரணங்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சியாட்டில் நகரத்தில் 1853ஆம் ஆண்டு மூவர் அடுத்தடுத்த நிலங்களுக்கு மனைப் படம் பதிவு செய்தார்கள். டென்னியும் போரனும் கடற்கரையின் சாய்வை அனுசரித்துத் தெருக்களை வகுக்க, அவர்களுக்குத் தெற்கே நிலம் வைத்திருந்த டாக்டர் மேனார்டு திசைகாட்டி காட்டிய வடக்கைத் தவிர வேறெதையும் ஏற்க மறுத்துவிட்டார். மேனார்டு அன்று சற்று மதுமயக்கத்தில் இருந்ததாக டென்னி பிற்காலத்தில் எழுதியதும் உண்டு. போட்டியாளரின் சாட்சியம் என்பதால் அதை அளவோடு கொள்ளவேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் 1847இல் ஜாஸ்பர் ஓஃபாரல் என்ற நில அளவையாளர், முன்னரே வகுக்கப்பட்டிருந்த தெருக்களுக்குச் சாய்வாக 120 அடி அகலத்தில் மார்க்கெட் வீதியை இழுத்து, அதற்குத் தெற்கே வேறு திசையில், வேறு அளவுகொண்ட மனைகளைப் பிரித்தார். இன்றளவும் அவ்வீதியின் வடபுறத்தில் வந்து சேரும் தெரு ஒவ்வொன்றும் கூர்மூலை ஒன்றை உண்டாக்குகிறது. ஃப்ளட், ஃபீலன் என்னும் பெயர்பெற்ற கட்டடங்கள் அத்தகைய மூலைகளில் எழுந்தவையே. டொரண்டோவில் ஏரிக்கரையின் பழைய விளிம்பைத் தொட்டுச் சென்ற ஃப்ரண்ட் வீதி, நகரத்தின் நேர்கோட்டு வரிசையைச் சார்ந்த வெல்லிங்டன் வீதியோடு சந்திக்குமிடத்தில் 1892இல் எழுந்த குடர்ஹாம் கட்டடம், நியூயார்க்குக்குப் பத்தாண்டு மூத்தது. கடற்கரை ஊரார்க்கு இந்த டொரண்டோ உதாரணம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. அங்கே ஒரு கோட்டை வரைந்தவன் மனிதன், மற்றதை வரைந்தது நீர்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்ப்பவர், கோணம் இருந்தது, ஆகவே கட்டடம் எழுந்தது என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆனால் நியூயார்க் மனையின் பூர்வோத்தரத்தைச் சற்று ஊன்றி நோக்கினால் இம்முடிவு தளர்ந்துவிடுகிறது. நகரத்தின் செங்கோண வரிசை 1811ஆம் ஆண்டின் திட்டத்தால் ஏற்பட்டது. பிராட்வே அதற்கு மிக முற்பட்ட, பூர்வகுடிகள் நடந்து பழகிய தடம். ஆகவே கூர்மூலைக்கான வித்து 1811லேயே ஊன்றப்பட்டுவிட்டது. ஏமஸ் ஈனோ என்ற தனவந்தர் அந்நிலத்தை வாங்கியது 1857இல். அதன்பின் நாற்பதாண்டுக்கு மேலாக அங்கே நின்றவை மூன்றடுக்குக் கடைகளும், பின்பகுதியில் ஏழடுக்குக் குடியிருப்பு ஒன்றும். அக்குடியிருப்பின் வெற்றுச் சுவர் விளம்பரம் எழுதப் பயன்பட்டது. கோணம் அன்றும் அதே கோணந்தான். 1899இல் ஈனோ குடும்பத்தாரிடமிருந்து மனை கைமாறியபோதுதான், சில வாரங்களுக்குள் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏறியது; 1892இல் திருத்தப்பட்ட கட்டட விதி எஃகுச் சட்டகத்துக்கு இடங்கொடுத்திருந்தது; மின்தூக்கி இருந்தது; 1900ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரத்தின் ஜனத்தொகை 34 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனையும் ஒருங்குகூடிய பின்னரே, தொண்ணூறு ஆண்டுகளாகச் சும்மா கிடந்த கோணம் கட்டடமாயிற்று.

இதனினும் தெளிவான சான்று ஒன்று அக்கட்டடத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பர்ன்ஹாம் வரைந்த படத்தில் முனை தரைவரை கல்லாகவே இறங்கியது. கட்டுவித்த நிறுவனத்தின் தலைவரான ஹாரி பிளாக், அம்முனைக்கு முன்னால் எஞ்சிய சில அடி நிலமும் வாடகை ஈட்டவேண்டும் என்று வற்புறுத்தி, கட்டடக்கலைஞரின் விருப்பத்துக்கு மாறாக, இரும்பும் கண்ணாடியுமாக ஓரடுக்குக் கடை ஒன்றை அங்கே ஒட்டவைத்தார். அதில் சுருட்டு விற்றார்கள். உலகமெல்லாம் புகைப்படம் எடுத்துப் போற்றிய கட்டடத்தின் மூக்கு நுனியில் ஒரு பெட்டிக்கடை. முக்கோண மனையின் தத்துவம் அனைத்தும் அந்தக் கடையில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையன்று: நிலம் தனியுடைமை, தனியுடைமையின் கடைசி அடியும் பலன் தரவேண்டும்.

டெல்டாவின் கோடுகள்

காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சார்ந்த ஒரு மாவட்டம். ஏறத்தாழ 157 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,00,222 பேர். வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் இருக்க, மூன்று பக்கமும் பழைய தஞ்சை மாவட்டத்து வயல்களாலும் நான்காவது பக்கம் கடலாலும் சூழப்பட்ட இந்நிலத்தின் அமைப்பை அறிய, முதலில் நீரைப் பார்க்கவேண்டும். காவிரியின் கிளைகள் மேற்கிலிருந்து கிழக்காக விசிறிபோல் விரிந்து வருகின்றன. அவற்றுள் அரசலாறு காரைக்கால் நகரத்தைத் தொட்டுக்கொண்டே கடலில் கலக்கிறது. கடற்கரையோ இப்பகுதியில் ஏறக்குறைய நேராக வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆறு கிழக்குமேற்கு, கரை வடக்குத்தெற்கு: இயற்கையே இங்கே ஏறத்தாழ ஒரு செங்கோணத்தை வரைந்து வைத்திருக்கிறது. சியாட்டிலில் கரையைப் பின்பற்றியவனும் திசையைப் பின்பற்றியவனும் பகைத்துக்கொண்டார்கள். காரைக்காலில் அவ்விருவரும் அநேகமாக ஒரே கோட்டில்தான் நின்றிருப்பார்கள். இவ்வூரில் கூர்மூலைகள் ஒப்பளவில் அருகியிருப்பதற்கு இது முதற்காரணம். வடிவவாதிகள்கூட மறுக்கவியலாத காரணம்.

ஆயினும் விசிறியின் கம்புகள் இணைகோடுகளல்ல. ஆறு திரும்புமிடத்தில் கரைமேல் போடப்பட்ட சாலையும் திரும்புகிறது. வாய்க்கால் பிரியுமிடத்தில் வரப்பும், வரப்பின்மேல் நடந்த வண்டிப்பாதையும் பிரிகின்றன. டெல்டாவில் பயணம் செய்பவர் எவரும் அறிவர்: மதகு ஒன்று, அதனருகே இரண்டாகக் கவைத்த சாலை, கவட்டில் ஓர் அரசமரம். இதுவே இந்நாட்டின் இயல்பான கூர்மூலை. நன்செய் நாட்டில் சாலை என்பது நீர் விட்டுக்கொடுத்த மேட்டில் நடப்பதேயன்றி, ஊர் நடுவில் கயிறு கட்டி இழுத்ததன்று.

இரண்டாவது வரிசை கோயிலால் ஏற்பட்டது. நகரத்துக்குள் கைலாசநாதர் கோயிலும் காரைக்கால் அம்மையார் கோயிலும் அதனையடுத்த சந்திர தீர்த்தமும், மேற்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் திருநள்ளாற்றுத் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலும், தம்மைச் சுற்றித் தத்தமக்குரிய வீதிகளை வகுத்துக்கொண்டவை. கோயில் வீதி நான்கு புறமும் சுற்றிவந்து தன்னிலேயே முடிவது. நீட்டிக்கொண்டே போய் இன்னொன்றோடு மோதவேண்டிய நிர்ப்பந்தம் அதற்கில்லை. எல்லையற்ற வரிசைதான் மோதும். நியூயார்க்கின் 1811ஆம் ஆண்டுத் திட்டம் அத்தகையது. குளமும் குன்றும் குறுக்கிட்டாலும் தெரு நிற்காது. மாடவீதி நான்கு மூலையோடு திருப்தியடைந்துவிடுவது.

மூன்றாவது வரிசை அயலாரால் வந்தது. புதுச்சேரியில் துமா கவர்னராக இருந்த காலத்தில், தஞ்சை மராட்டிய அரசில் ஏற்பட்ட வாரிசுப் போட்டியைப் பயன்படுத்தி, சந்தா சாகிபின் படை உதவியுடன் பிரெஞ்சுக்காரர்கள் 1739 பிப்ரவரியில் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் கைக்கொண்டார்கள். 1760இல் ஆங்கிலேயர் அதனைப் பறித்தார்கள், உடன்படிக்கையால் திருப்பித் தந்தார்கள், மீண்டும் பறித்தார்கள், 1817இல்தான் அது நிலையாகப் பிரெஞ்சு வசமாகி, 1954 நவம்பர் முதல் நாளன்று இந்திய நிர்வாகத்துக்கு வரும்வரை அவ்வாறே இருந்தது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கொடி மாறிய ஊரில், நூறாண்டுக்கான வீதித் திட்டம் வரைய எவருக்கும் மனம் எழும்பியிராது என்பது அனுமானமே. ஆனால் நியாயமான அனுமானம். அண்டையிலுள்ள தரங்கம்பாடியில் டேனியர், இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். மதிலுக்குள் அடங்கிய ராஜ வீதியும் பிற தெருக்களும் ஒழுங்காக அமைந்தன. மதிலோடு நின்றும் விட்டன. மதில் கோட்டு மோதலைத் தடுத்துவிடுகிறது. காரைக்காலுக்கு அத்தகைய ஒழுங்கும் வாய்க்கவில்லை, தடையும் வாய்க்கவில்லை. பாரதியார் வீதியிலிருந்து மாதா கோயில் வீதிக்கும் காமராஜர் சாலைக்கும் நடப்பவர், முன்பு இருந்த தடங்களை ஆட்சியாளர் நிமிர்த்திக்கொண்டார்களேயன்றி அழித்து எழுதவில்லை என்பதை உணர்வர்.

புதுச்சேரி, சென்னை, சைகோன்

மேற்சொன்னதை ஒப்புநோக்கிச் சோதிக்க மூன்று ஊர்கள் துணைசெய்கின்றன.

புதுச்சேரியின் செங்கோண வீதிகள் பிரெஞ்சு அறிவின் விளைவு என்பதே பொதுமக்கள் நம்பிக்கை. 1693 முதல் 1699 வரை அவ்வூரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடங்களை ஆராய்ந்த ழான் டெலோஷ், நேர்கோட்டு அமைப்பின் மூலம் அவர்களுடையது என்று எடுத்துக்காட்டினார். இக்கருத்து இப்போது பெரும்பாலும் ஏற்கப்பட்டிருக்கிறது. நமக்கு வேண்டிய செய்தி அதற்கடுத்தது. இந்த நேர்கோட்டு வரிசையைச் சுற்றிக் கோட்டைமதில் முட்டை வடிவில் எழுந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபின், 1765 முதல் பழைய தெருக்களின்மீதே ஊர் மீண்டும் கட்டப்பட்டது. மதில் மறைந்தபின் அதன் தடத்தில் சுற்றுச் சாலை வந்தது. இன்று படேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை என்று வழங்கும் அவ்வளைவோடு நேர்வீதிகள் சந்திக்குமிடங்களில், செங்கோணமல்லாத மனைகள் தோன்றியே தீரவேண்டும், தோன்றியிருக்கின்றன. மோதல் உண்டு, அங்கும் முனைவரை நிரம்பி உயர்ந்து நிற்கும் கட்டடம் அவ்வூரின் அடையாளமாகவில்லை. மதிற்சுவரும் தோட்டமும் மூலையை வாங்கிக்கொண்டு, வீடு உள்ளே நாற்கோணமாகவே அமைந்துவிடுகிறது.

சென்னையில் முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் தனித்தனியே வளர்ந்த இரு தெருவரிசைகள். அவற்றின் இடையே கிடந்த பள்ளத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் வடிகால் வெட்டி மேடாக்கி ஒரு வீதி சமைத்தார். அதற்கும் பிராட்வே என்றே பெயர். நியூயார்க்கின் பிராட்வே வரிசையைக் கிழித்தது. சென்னையின் பிராட்வே இரு வரிசைகளைத் தைத்தது. பெயரொற்றுமை தற்செயலானதே எனினும் வேற்றுமை பொருளுடையது. பின்னர், 1920களில், நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து மாம்பலத்தில் தியாகராய நகரம் எழுந்தபோது, பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் கதிர்போல் பிரிந்தன. கூர்மனைகள் திட்டத்திலேயே பிறந்தன. அவை முதலில் தோட்டத்தோடு கூடிய வீடுகளுக்கே போயின. நிலவிலை ஏறி வணிகம் புகுந்த பிறகே, இரு சாலையையும் நோக்கிய வளைந்த முகப்புகள் அம்மூலைகளில் தலைகாட்டின. கோணம் முந்தியது, கட்டடம் பல பத்தாண்டு பிந்தியது: நியூயார்க்கில் கண்ட அதே கிரமம். பம்பாயில், கடலைத் தூர்த்த நிலம் பழைய கரைச்சாலையோடு சேருமிடத்தில் சர்ச்கேட் எதிரே 1938இல் திறக்கப்பட்ட ஈராஸ் திரையரங்கம், இரு சிறகுகளை இரு சாலைகளின்மேல் விரித்து, கோபுரத்தை மூலையில் நிறுத்தியிருக்கிறது. அங்கே தாமதம் ஏற்படவில்லை, காரணம் வெளிப்படை. தூர்த்தெடுத்த நிலத்தின் ஒவ்வொரு அடியும் பணம் போட்டு உண்டாக்கப்பட்டது.

சைகோன் காரைக்காலுக்கு அந்நியமன்று. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களாகவும் வணிகர்களாகவும் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்ற தமிழர் பலர் அந்நகரத்தில் வாழ்ந்தனர். அங்கே இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் 1935இல் கட்டப்பட்டது. அந்நகரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய்களைத் தூர்த்துப் பெருவீதிகளாக்கினார்கள். பழைய போனார் பெருவீதியும் சோம் பெருவீதியும், 1914இல் திறக்கப்பட்ட பென் தான் சந்தையின் முன் கூர்ங்கோணத்தில் வந்து சேருமாறு வகுக்கப்பட்டன. அங்கே கூர்மூலைக் கட்டடங்கள் எழுந்தன. ஆட்சி ஒன்று, காலமும் அநேகமாக ஒன்று, சட்டநூல் ஒன்று. ஒரு குடியேற்றத்தில் ஆப்பு வடிவம் எழுந்ததும் மற்றதில் எழாததும் பிரெஞ்சு ரசனையால் விளக்கப்படக்கூடியதன்று. சைகோன் அரிசி ஏற்றுமதியின் துறைமுகம், அதன் நிலம் விற்பனைச் சரக்கு. காரைக்காலின் நிலமோ கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் மிராசுதாரருக்கும் பரம்பரை வழியே கட்டுண்டது. சைகோனில் ஈட்டிய பணம் காரைக்காலுக்குத் திரும்பி வந்தபோதும் அது மாடி வீடாக, மரவேலையாக, நகையாக வந்ததேயன்றி, தெருமுனையை வாங்கி உயரக் கட்டும் முதலீடாக வரவில்லை.

மனையடி சாஸ்திரம் என்னும் விளக்கம்

நம்மவர் பலர் உடனே சொல்லும் விடை வேறு: முக்கோண மனை ஆகாது என்பது சாஸ்திரம், ஆகவே யாரும் கட்டவில்லை. மயமதம், மானசாரம் முதலிய சிற்பநூல்கள் நாற்கோண நிலத்தையே உயர்த்திப் பேசுகின்றன என்பது உண்மை. தெரு நேரே வந்து வாசலில் முடியும் தெருக்குத்து மனையை வாங்கத் தயங்குவோர் இன்றும் பெரும்பான்மை; தயக்கத்தின் பரிகாரமாகச் சுவரில் ஒரு மாடம் வைத்துப் பிள்ளையாரைத் தெருவை நோக்கி அமர்த்திவிடுவதும் கண்கூடு.

ஆனால் இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பதற்குத் தடை, அதே மனையடி மரபிலேயே இருக்கிறது. முன்புறம் குறுகிப் பின்புறம் விரிந்த கோமுக மனை குடியிருக்க நன்று என்றும், முன்புறம் விரிந்து பின்புறம் குறுகிய சிம்மமுக மனை வணிகத்துக்கு நன்று என்றும் அம்மரபு வகைப்படுத்துகிறது. அதாவது சரிந்த விளிம்புள்ள நிலம் விலக்கப்பட்டதன்று, தரம் பிரிக்கப்பட்டது. நியூயார்க் கட்டடத்தை நம்மூர் மனையடிக்காரர் ஒருவரிடம் காட்டினால், 22ஆம் தெருப் பக்கமிருந்து நோக்கிச் சிம்மமுகம், கடைக்கு உத்தமம் என்பார். முனையிலிருந்து நோக்கிக் கோமுகம், குடியிருக்கலாம் என்பார். இரண்டிலும் அவருக்குத் தட்சணை உண்டு. சாஸ்திரம் தடையாக நின்றதைவிட விலைபேசும் வாதமாக நின்றதே அதிகம். கூர்மனையை மலிவாக வாங்க விரும்புபவன் சாஸ்திரம் பேசுவான். வாங்கியவன் கடை வைத்துவிடுவான். அன்றியும், காரைக்கால் இந்துக்கள் மட்டும் வாழ்ந்த ஊரன்று. மரக்காயர் தெருக்களிலும் கிறித்தவர் தெருக்களிலும்கூட ஆப்பு வடிவக் கட்டடம் எழவில்லை என்பது இவ்விளக்கத்தின் வலிமையை இன்னும் குறைக்கிறது.

மூலை யாருடையது

எஞ்சி நிற்பது உரிமையும் பயனும் பற்றிய விளக்கம். என் அபிப்பிராயத்தில் கனமானது இதுவே.

திருநள்ளாற்றில் வைகாசிப் பெருவிழாவின்போது தேர் வீதியின் மூலையை அடையும் வேளையைக் கவனிக்க வேண்டும். நேர்வீதியில் வடம் பிடித்தவர்களின் பலம் போதும். மூலையில் அது போதாது. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, ஒரு பக்கச் சக்கரத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓடவிட்டு, அங்குலம் அங்குலமாக அப்பெரும் பாரத்தைத் திருப்புகிறார்கள். வடம் எதிர்வீட்டுத் திண்ணைவரை நீள்கிறது. கூட்டம் பின்வாங்க இடம் வேண்டும், வடத்துக்கு இடம் வேண்டும், தேரின் அலங்காரத் தட்டுகள் வீட்டுத் தாழ்வாரத்தில் உரசாமலிருக்க இடம் வேண்டும். இத்தகைய வீதியில் மூலை என்பது கட்டுவதற்கான நிலமன்று, திரும்புவதற்கான நிலம். நேர்வீதியில் ஒருவன் திண்ணையை ஒரு முழம் முன்னே இழுத்துவிட்டால் ஊர் முணுமுணுக்கும். மூலையில் இழுத்தால் அடுத்த திருவிழாவில் தேர் நின்றுவிடும்.

காரைக்கால் நகரத்தின் விசேஷம், இத்தேவை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக இல்லாமையே. ஆனிப் பௌர்ணமியையொட்டிய மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். வழிநெடுக மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை இறைக்கிறார்கள், கீழே அவற்றைப் பிடிக்கக் கைகள் நீள்கின்றன. மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரியில் ரதங்களும் பல்லக்கும் நகரத்தைச் சுற்றிவருகின்றன. மாதா கோயிலின் தேர்பவனி தனக்குரிய நாளில் புறப்படுகிறது. மூன்று மரபினருக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டாயின் அது அகன்ற திருப்பம். இதனை எவரும் நகராட்சி விதியாக எழுதிவைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வழக்கமே விதியாக நின்று மூலைகளைத் திறந்து வைத்தது என்பதே இங்கே கூறும் விளக்கம்.

வழக்கத்துக்குச் சட்டமும் ஒத்தாசை செய்தது. பிரெஞ்சுச் சட்ட மரபில் பொதுப்பாதை அரசின் பொது உடைமை. அது விற்கப்படக் கூடாதது, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் தனியுரிமை தராதது. தஞ்சைப் பக்கத்தில், ஆங்கிலேயரின் ரயத்துவாரி முறையில், பட்டாவுக்குள் அடங்காத வீதியோரமும் வாய்க்கால் கரையும் புறம்போக்காயின. எல்லைக்கு இருபுறமும் ஆட்சி வேறு, மொழி வேறு, பதிவேடு வேறு. ஆயினும் இரு சாலைகள் கவைக்குமிடத்தில் எஞ்சிய துண்டைப் பொறுத்தவரை இரண்டு ஏற்பாடும் ஒரே முடிவுக்கு வந்தன: அது யாருடைய மனையுமன்று. நியூயார்க்கில் தெருக்களுக்கிடையே எஞ்சியது அனைத்தும் மனையாகி விற்பனைக்கு வந்தது. ஆகவே 1857இல் ஓர் ஈனோ அதனை வாங்க முடிந்தது. காரைக்காலில் ஓர் ஈனோ தோன்றியிருந்தாலும், கூர்முனையை விற்க அங்கே எவருமில்லை. பாரிஸ் நகரத்தைக் கிழித்துப் பெருவீதிகளை ஹௌஸ்மன் இழுத்தபோது, அவருக்குத் துணைநின்ற 1852 மார்ச் மாத ஆணை, சுகாதாரமான கட்டடத்துக்குப் போதாத எச்சத் துண்டுகளையும் சேர்த்துக் கையகப்படுத்த இடங்கொடுத்தது. அத்துண்டுகளை ஒட்டியும் வெட்டியும் மறுபடி விற்கக்கூடிய மனைகளாக்கியதால்தான் பாரிஸின் உருண்டை மூலைகள் பிறந்தன. அந்தச் சந்தையின் வேகம் காரைக்காலை எட்டவில்லை.

யாருடையதுமல்லாத நிலம் வெறுமையாகவும் கிடப்பதில்லை. மரத்தடியில் நாகரும் பிள்ளையாரும் வருகிறார்கள். பின்னர் நாலு கால் நட்ட ஒரு கீற்றுக்கொட்டகை. அதில் வாழைத்தார் தொங்க, கண்ணாடிப் புட்டிகளில் கடலைமிட்டாயும் முறுக்கும் நிற்க, பீடி பற்றவைக்கத் தேங்காய்நார்க் கயிறொன்று ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் பெட்டிக்கடை. கட்சிக் கொடிமரங்கள், தலைவர் சிலை, ஆட்டோ நிறுத்தம், தண்ணீர்ப் பந்தல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இடம்பிடிக்கின்றன. ஹாரி பிளாக் சண்டையிட்டு ஒட்டவைத்த சுருட்டுக்கடையும் இந்தப் பெட்டிக்கடையும் ஒரே வணிக உணர்ச்சியின் பிள்ளைகள்தாம்: இரு சாலையிலும் நடப்போர் ஒருங்கே கண்ணில் படுமிடம் முனை. வேற்றுமை, அங்கே கடைக்குப் பின்னால் இருபதுக்கு மேற்பட்ட அடுக்குகள் இருந்தன. இங்கே ஓர் அரசமரம் இருக்கிறது. அங்கே வாடகை உடைமையாளனுக்குப் போயிற்று. இங்கே ஆக்கிரமிப்பு அகற்றும் நாள்வரை அது யாருக்கும் போவதில்லை, அல்லது கேட்க வருபவர் எல்லோருக்கும் சிறுசிறிதாகப் போகிறது. இதனைப் பொதுவுடைமையின் வெற்றி என்று கொண்டாட நான் தயாரில்லை. புறம்போக்கின் மூலையில் பலசாலிக்குக் கிடைக்கும் நிழல் ஏழைக்குக் கிடைப்பதில்லை, சிலை வைப்பவனை அகற்றும் துணிவு பழக்கடைக்காரியை அகற்றும் துணிவைவிட அரிதாகவே காணப்படுகிறது.

இன்று நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். இரண்டரை ஆண்டுக்கொருமுறை வரும் சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அவர்களை எதிர்பார்த்து விடுதிகள் எழுகின்றன. காரைக்காலில் 2009இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2011இல் நாகூர்ப் பாதை வழியே ரயில் வந்தது. கம்பியும் கான்கிரீட்டும் எந்தக் கோணத்துக்கும் வளைந்துகொடுப்பவை. விலை ஏறினால் கூர்மூலைக் கட்டடம் நாளை இங்கும் எழும் என்று எதிர்பார்ப்பது தர்க்கத்துக்குப் பொருந்தும். ஆனால் விலை வந்து சேரும் காலத்தில் விதியும் வந்து சேர்ந்துவிட்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், இரு சாலைகள் சந்திக்கும் மனையின் மூலையைச் சரிவாக வெட்டி வழிக்கு விடச் சொல்கின்றன. திரும்பும் வண்டியோட்டி எதிர்வருவதைப் பார்க்கவேண்டும் என்பது காரணம். 1902இல் நியூயார்க்கில் முனைவரை கட்டுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. இப்போது இக்கடற்கரையில் கட்ட முற்படுபவன் தன் பட்டா நிலமேயாயினும் அதன் கூர்மையை முதலில் இழந்துவிட்டே தொடங்கவேண்டும். தேருக்காகத் திறந்து வைக்கப்பட்ட திருப்பத்தை லாரிக்காகத் திறந்து வைக்கும் விதி இது.